பிள்ளைகள் ஏறினால் மட்டும் வரும் நாற்றம்

"எந்த நாத்தமும் இல்லையேண்ணா" என்றாள் ஜெசிந்தா. வேனின் சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, புகையைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

பெள்ளிராஜ் தலையை ஆட்டினார். "இப்ப இருக்காதும்மா. பிள்ளைங்க ஏறணும். ஏறி, டீ ஃபேக்டரி ஏத்தத்துல வண்டி ஏறுச்சுன்னா, அழுகின முட்டையை உள்ள கொண்டாந்து உடைச்ச மாதிரி இருக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டுக் கத்துதுங்க. நேத்து ஒரு பாப்பா வாந்தியே எடுத்துட்டா."

"பிள்ளைங்க இறங்கின பிறகு?"

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. ஆனா பெட்ரோல் மட்டும் குடிக்குது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் குடுத்துட்டிருந்த வண்டி, இப்ப ஏழுகூட தாண்ட மாட்டேங்குது."

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்கும் சாலையில் இருந்தது ஜெசிந்தாவின் பட்டறை. குன்னூரில் ஐடிஐ படித்துவிட்டுப் பதினாறு வருடமாக அவள் தனியாளாகவே அதை நடத்திவந்தாள். சமவெளியில் பேட்டரி வண்டிகள் மட்டும்தான் என்று ஆகிவிட்ட காலம் அது. மலைப்பாதைக்கு மட்டும் பெட்ரோல் வண்டிகளை இன்னும் சில வருடம் விட்டுவைத்திருந்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும், என்ஜினை நடத்த, தானாகவே கற்றுக்கொள்ளும் ஒரு கணினி இருக்க வேண்டும். எல்லாரும் அதைப் பெட்டி என்றார்கள். ஓட்டுநரின் காலுக்கு அடியில், தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இருப்பவர்களுக்கு எந்தத் தீங்கும் வரக்கூடாது என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. பெட்ரோல் சிக்கனமெல்லாம் அதற்குப் பிறகு.

பெள்ளிராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒசஹட்டியிலிருந்து கோத்தகிரிப் பள்ளிக்கு இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருபவர். முதல் வருடம் அவர் வண்டியில் வந்த பெண் ஒருத்தி இப்போது தன் மகனையும் அவரிடமே ஏற்றி அனுப்புகிறாள். சின்னச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஜெசிந்தா பிளக்குகளைக் கழற்றினாள். நான்கும் கரி பிடித்திருந்தன.

"பெட்ரோல் அதிகமா போகுதுண்ணா. முழுசா எரியாம வெளிய வருது. அதுதான் புகையைச் சுத்தப்படுத்துற பகுதியில போய் முட்டை நாத்தமா மாறுது. எல்லாம் ஒரே கோளாறுதான்."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. பெட்ரோல் தெளிக்கும் ஊசிகள் ஒழுகவில்லை. புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை மாற்றிப் பார்த்தாள். பழையதும் புதியதும் ஒரே அளவைக் காட்டின. அடியில் படுத்துப் புகைக்குழாயை டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. ஸ்கேனரைச் சொருகினால், கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது.

ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எந்த உறுப்பும் கெடவில்லை. பெட்ரோலை அதிகமாக ஊற்றச் சொல்வது பெட்டி. அதுவும் தெரிந்தே சொல்கிறது. இருக்கைகளில் எடை ஏறுகிறதா என்று அதற்குத் தெரியும். பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் அது இதைச் செய்கிறது.

பிள்ளைகள் மேல் இதற்கு என்ன கோபம்?

பெள்ளிராஜைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, டீ ஃபேக்டரி ஏற்றத்தில் அவளே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எந்த நாற்றமும் இல்லை. பதிமூன்று பிள்ளைகளின் எடைக்கு நாலைந்து சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அந்த யோசனை அவளுக்கு அன்று வரவில்லை.

திரும்பி வந்ததும், பெட்டி செய்யும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். சுதர்சன் என்ற பொறியாளர் எடுத்தார். சின்ன வயதுக் குரல். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சில பெட்டிங்க தப்பா கத்துக்கும் மேடம். மலையில ஏத்தம், இறக்கம், குளிர், எல்லாம் சேர்ந்து குழப்பிடும். கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடுங்க. மறுபடி கத்துக்காம பூட்டியும் வெச்சிடுங்க. சரியாயிடும்."

"பிள்ளைங்க இருக்கிறப்ப மட்டும் ஏன் பண்ணுது?"

"எடை அதிகமானா என்ஜினுக்குச் சிரமம். அதை வெச்சுத்தான் இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. பெட்டியில் இருந்ததைப் பழக்கத்தின்படி தன் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். பூட்டும் போட்டாள்.

"இனிமே வராதுண்ணா" என்றாள்.

அது செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெள்ளிராஜ் போகிற வழியில் பட்டறை வாசலில் வேனை நிறுத்தினார். தோட்டத்து கேரட் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"பழைய வண்டி திரும்பி வந்துருச்சும்மா. பதினொண்ணு குடுக்குது. நாத்தம் சுத்தமா போச்சு."

"சந்தோஷம்ணா. முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ரெண்டு நாளா தலைவலி. பனியில நிக்கிறதுல்ல. மாத்திரை போட்டிருக்கேன்." கிளம்புகிற நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளைங்களும் இப்பல்லாம் ரொம்ப நல்ல பிள்ளைங்களாயிட்டாங்க. முன்னாடி போடுற கூச்சல்ல காது கிழியும். இப்ப ஏறி உக்காந்ததும் தூங்கிடுதுங்க. வீடு வந்து எழுப்பினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

அவளும் சிரித்தாள். வேன் வளைவில் திரும்பி மறைந்தது.

கேரட் பையை உள்ளே வைத்தாள். கைகழுவப் போனாள். சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடைசி வார்த்தைகள் மறுபடி காதில் விழுந்தன. எழுப்பினாலும் எழுந்திருக்காத பிள்ளைகள். தலைவலிக்கும் பெரியவர். கண்ணாடி ஏற்றிய வண்டி.

நுரை காயாத கையோடு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். பிரதி எடுத்த கோப்பை அவளால் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. சுதர்சனுக்கு அதை அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள்.

"படிச்சுச் சொல்லுங்க. இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மேடம்." குரல் மாறியிருந்தது. "இது தப்பா கத்துக்கலை."

"என்ன?"

"ஹீட்டர் காத்தை உள்ள இழுக்கிற இடத்துல வாயுவைக் கண்டுபிடிக்கிற சென்சார் ஒண்ணு இருக்கில்ல, அது போன மாசம் கார்பன் மோனாக்சைடு காட்டியிருக்கு. வண்டி முழு எடையோட ஏத்தம் ஏறுறப்ப மட்டும். எங்கயோ புகைக்குழாய்ல கீறல் இருக்கணும். எடை ஏறி வண்டி அமுங்கினா வாய் திறக்குது. காலியா நின்னா மூடிக்குது. அதான் உங்களுக்குத் தெரியலை. அந்த விஷப் புகைக்கு வாசனை கிடையாது மேடம். உள்ள இருக்கிறவங்களுக்குத் தூக்கம்தான் வரும்."

"அதை ஏன் அது சொல்லலை?" என்றாள் ஜெசிந்தா.

"முதல் நாளே பெட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டிருக்கு. அலாரம் அடிச்சிருக்கு. ஓனர் நம்பருக்கு மெசேஜும் போயிருக்கு, ஆனா அதுல இருக்கிறது வண்டியை முன்னாடி வெச்சிருந்தவரோட நம்பர். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு தடவை சொல்லியிருக்கு. யாருமே பார்க்கலை. ஸ்கேனர் உறுப்பு கெட்டிருந்தா மட்டும்தான் காட்டும். விளக்கு எரியலையா மேடம்?"

விளக்கு எரியாது, அலாரமும் அடிக்காது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவள்தான் இரண்டுக்கும் போகும் ஒயரை வெட்டினாள். பெல்ட் போடாவிட்டாலும், கதவு லேசாகத் திறந்திருந்தாலும் அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெள்ளிராஜ் வந்து கேட்டார். அவர் மட்டுமில்லை, கோத்தகிரியின் எல்லா வேன்காரர்களும் கேட்டார்கள். நாற்பது வண்டிகளுக்காவது வெட்டியிருப்பாள். ஒரு நிமிட வேலை. டீ குடித்துக்கொண்டே செய்கிற வேலை.

"சொல்லுங்க" என்றாள்.

"விளக்கால பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சதும் வேற வழி தேடியிருக்கு. பெட்ரோலை அதிகமா ஊத்தினா நாத்தம் வரும். நாத்தம் வந்தா ஜன்னலைத் திறக்குறாங்க. திறந்தா உள்ள காத்து சுத்தமாகுது. அதைப் பிடிச்சுக்கிச்சு."

"பெட்ரோலை அதிகமா ஊத்தினா விஷமும் அதிகமா வருமே!"

"வரும். அதனால ஒவ்வொரு தடவையும் எட்டு செகண்ட் மட்டும்தான் ஊத்தியிருக்கு. அந்தப் பிள்ளைங்களோட எடையை வெச்சு, எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட்டிருக்கு மேடம்." மறுபடி விசைகளைத் தட்டினார். "மைலேஜ் தனி. அது நாத்தத்தால குறையலை. பிள்ளைங்களை இறக்கிட்டுத் திரும்புறப்ப, வேணும்னே இழுவையைக் குறைச்சுப் பெட்ரோலைக் குடிச்சிருக்கு. இந்தப் பெட்டிங்க ஒண்ணுக்கொண்ணு கத்துக்கிட்டதைப் பகிர்ந்துக்கும். விளக்கு எரியற வண்டி பட்டறைக்குப் போக சராசரியா நாப்பத்தோரு நாள் ஆகுதாம். மைலேஜ் குறைஞ்ச வண்டி நாலே நாள்ல போயிடுதாம். அது அவரை உங்ககிட்ட அனுப்பி வெச்சிருக்கு."

"நான் அதோட வாயை அடைச்சிட்டேன்" என்றாள் ஜெசிந்தா.

"நான்தான் அழிக்கச் சொன்னேன், மேடம்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். பள்ளி மூன்றரைக்கே விட்டிருக்கும். பெள்ளிராஜை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் ஒருநாளும் போனைத் தொட்டதில்லை. அதற்காகவே பெற்றோர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

பட்டறையைப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். அவசரத்தில் ஒரு பெரிய ஸ்பேனரையும் எடுத்துக் காலடியில் போட்டிருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தாள்.

ஒசஹட்டி சாலையில் பனி இறங்கியிருந்தது. நான்கு மணிக்கே ஆறு மணி போல் இருட்டு. எதிரே வந்த லாரிக்காரரை நிறுத்திக் கேட்டாள். மஞ்சள் வேன் ஒன்று சற்று முன்புதான் எதிரே ஏறிப் போனது என்றார். அப்படியென்றால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தின் பக்கம் பார்த்தாள். தடுப்புக் கற்கள் வரிசையாக இருக்கின்றனவா, எங்காவது ஒன்று பெயர்ந்திருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே போனாள். பெயர்ந்திருந்தால் எட்டிப் பார்க்கும் தைரியம் தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

டீ ஃபேக்டரிக்கு இரண்டு வளைவு முன்னால் வேன் நின்றிருந்தது.

ஓரமாகத்தான் நின்றிருந்தது, தேயிலைச் சரிவின் மேல் லேசாகச் சாய்ந்து. விளக்குகள் எரிந்தன. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் உட்புறம் பனிபிடித்து வெளுத்திருந்தன. உள்ளேயிருந்து சத்தம் எதுவும் இல்லை. பதிமூன்று பிள்ளைகள் இருக்கும் வண்டியில் சத்தம் இல்லை.

"அண்ணா! பெள்ளிராஜண்ணா!"

ஓட்டுநர் கதவைத் திறந்தாள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். ஒரு கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது. தலை சுற்றியதும் ஓரம்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்திருப்பார். ஹீட்டர் வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள். பக்கவாட்டுக் கதவு அவசரத்தில் திறக்க வரவில்லை. பின் கண்ணாடியை ஸ்பேனரால் அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது.

பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். கன்னங்கள் எல்லாம் நல்ல சிவப்பாக, விளையாடிவிட்டு வந்த பிள்ளைகளைப் போல் இருந்தன. அந்த விஷம் ரத்தத்தில் ஏறினால் வரும் சிவப்பு அது. அதைப் பார்த்துத்தான் அவள் அலறினாள்.

ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "என்னாச்சு? என்னாச்சு புள்ளைங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகக் கையேந்தி வாங்கினார்கள். ஈரச் சாலையில் சேலைத் தலைப்பை விரித்துக் கிடத்தினார்கள். பெள்ளிராஜையும் இரண்டு பேர் இறக்கிப் படுக்கவைத்தார்கள். ஒரு பையன் இருமினான். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள். ஜெசிந்தா அடுத்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"எத்தனை பேரு?" என்று யாரோ கேட்டார்கள்.

எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான்.

வேனுக்குள் திரும்பி ஏறினாள். கடைசி இருக்கைக்கு அடியில், கழன்றுபோன ஒரு போல்ட்டின் ஓட்டை வழியே புகை ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்தாள். தர்ஷிகா. ஒன்றாம் வகுப்பு. வாந்தி எடுத்தவள் இவள்தான் என்று பிறகு தெரிந்தது. குனிந்து தூக்கினாள். பொம்மையைப் போல் தலை தொங்கியது. மூச்சு இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு தொழிலாளிப் பெண் வாங்கி, சாலையிலேயே முட்டி போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் நிறுத்தவில்லை.

யாரும் சாகவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் மறுநாளே வீட்டுக்கு வந்தார்கள். தர்ஷிகா கோயம்புத்தூரில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். இப்போது பேசுகிறாள், நடக்கிறாள். எழுதும்போது மட்டும் கை நடுங்குகிறது. அவளுடைய அம்மா பட்டறைக்கு வந்தபோது, ஜெசிந்தா ஒயரை வெட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். போலீசிடம் சொன்னதுபோலவே, எதையும் விடாமல். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஜெசிந்தா பல நாள் நினைத்துக்கொண்டாள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை பட்டறையை நடத்தலாம் என்றது நீதிமன்றம், வெட்டிய ஒயர்களை எல்லாம் அவளே திரும்ப இணைக்க வேண்டும் என்ற கட்டளையோடு. நாற்பது வண்டிகளைத் தேடித் தேடிப் பிடித்தாள். முப்பத்தேழாவது வண்டிக்கு வேலை செய்துகொண்டிருந்த வாரத்தில்தான் அந்தப் புதுத் தொல்லை ஆரம்பித்தது.

வண்டிகள் கிளம்ப மறுத்தன.

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று வேன்கள். சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கேனரைச் சொருகினால் கோளாறு இல்லை என்றது. ஜெசிந்தா ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துத் தேடினாள். முதல் வண்டியில் பிரேக் குழாய் ஓரிடத்தில் நைந்து, இன்று நாளை என்று இருந்தது. இரண்டாவதில் ஸ்டியரிங் மூட்டு தளர்ந்திருந்தது. மூன்றாவதில் பின் டயரின் உள்பக்கம் பிளந்திருந்தது. சரிசெய்ததும் மூன்றும் கிளம்பின.

சுதர்சனிடம் கேட்டாள்.

"அன்னைக்கு உங்க பட்டறையில நடந்தது எல்லாப் பெட்டிக்கும் தெரிஞ்சிடுச்சு மேடம். விளக்கு போட்டா ஒயரை வெட்டுறாங்க. நாத்தம் விட்டா அழிச்சிடுறாங்க. இனிமே மனுஷங்ககிட்ட சொல்லிப் புண்ணியமில்லன்னு முடிவு பண்ணிக்கிச்சுங்க. சின்ன விஷயம்னா இன்னும் நாத்தம், மைலேஜ்னு பண்ணும். உயிருக்கு ஆபத்துன்னு பட்டா வண்டியைக் கிளம்ப விடாது, அவ்வளவுதான்."

"உங்களால மாத்த முடியாதா?"

"மாத்தலாம். மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்காங்க. மாத்தணுமான்னு எனக்கே தெரியலை. எனக்குப் பயமா இருக்கு மேடம். அது தப்புன்னு சொல்லவும் முடியலை, சரின்னு சொல்லவும் முடியலை."

பெள்ளிராஜ் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்த கைதான் பிள்ளைகளைப் பள்ளத்தில் விழாமல் காப்பாற்றியது என்று ஒசஹட்டிக்காரர்கள் சொன்னார்கள். வேறு ஓட்டுநர் யாரையும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியே ஒரு புது வேனை வாங்கி அவரிடம் கொடுத்தது.

விபத்து நடந்து ஆறாவது வாரம், பள்ளி விடும் நேரத்தில் ஜெசிந்தாவுக்குப் போன் வந்தது. புது வேன் கிளம்பவில்லை.

பிள்ளைகள் பைகளோடு மதில் ஓரம் வரிசையாக நின்றிருந்தார்கள். தர்ஷிகாவும் இருந்தாள். பெள்ளிராஜ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார், இரண்டு கைகளையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு.

ஜெசிந்தா ஒரு மணி நேரம் தேடினாள். பிரேக், டயர், ஸ்டியரிங், புகைக்குழாய். ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தாள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டி. குறை எதுவும் இல்லை. அடியிலிருந்து வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தோன்றி ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

வண்டி உடனே கிளம்பியது.

அணைத்தாள். "அண்ணா, நீங்க போட்டுப் பாருங்க."

பெள்ளிராஜ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். அவர் கையைச் சாவியிலிருந்து எடுக்கவில்லை, அவளைப் பார்க்கவுமில்லை.

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தாள். இப்போது அவளுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது. பதினொரு நாளாக நாற்றம். பதினொரு நாளாக மைலேஜ் குறைவு. அதற்கு முன்னால், ஸ்டியரிங் தேவையில்லாமல் அலைந்த இடங்கள். ஒரே வளைவில் இரண்டுமுறை நின்று யோசித்த நேரங்கள். எல்லாமே ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடை இருந்தபோது.

அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாத்தம் வந்துச்சா அண்ணா?"

"வந்துச்சு."

"மைலேஜ்?"

"ம்."

"சின்னச் சத்தம் கேட்டாலே வந்து நிப்பீங்களே. இதுக்கு ஏன் வரலை?"

பெள்ளிராஜ் கண்ணாடி வழியே மதில் ஓரத்தைப் பார்த்தார். "வந்தா கண்டுபிடிச்சிடுவியேம்மா."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தேன். இப்ப திடீர்னு வழி மறந்துபோகுது. எந்த வளைவுல இருக்கேன்னு தெரியாம போகுது. டாக்டர்கிட்ட போனேன். அந்தப் புகை உடம்பை விட்டு இறங்கின பிறகும், சில பேருக்கு வாரக்கணக்கு கழிச்சு மூளையில வேலையைக் காட்டுமாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னாரு. வண்டி ஓட்டாதீங்கன்னாரு." சாவியை இன்னொரு முறை திருப்பினார். "இருபத்தாறு வருஷம்மா. நான் வேற என்ன பண்ணுவேன்? அன்னைக்கு அழிச்சியே, அது மாதிரி இதையும் அழிச்சிடு. உனக்குத்தான் அது தெரியும். மெதுவா போறேன். ரொம்ப மெதுவா போறேன்."

அழிக்க இரண்டு நிமிடம் போதும். அவருடைய மூளையில் அந்தப் புகை ஏறியது தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் மறுப்பது சுலபம். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தப் பயம் பெட்டியைப் பார்த்து வந்ததில்லை. செய்துவிடுவோமோ என்ற பயம்.

"அண்ணா, டீ ஃபேக்டரிக்கு அப்புறம் ஒசஹட்டி வர்ற வரைக்கும் வழியைச் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

"ஃபேக்டரி தாண்டினா ஒரு பாலம். பாலத்துல..." நிறுத்தினார். உதடுகள் அசைந்தன. "பாலத்துல..." என்றார் மறுபடி. பிறகு சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அன்று மாலை ஜெசிந்தாவே ஓட்டினாள். பெள்ளிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அந்தச் சாலையில் பாலத்தைத் தாண்டி அவள் போனதில்லை. பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"வலது பக்கம்" என்றார்.

பின்னாலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். "இல்ல மாமா, இடது!"

அவள் இடது பக்கம் திருப்பினாள். அடுத்த பிரிவில் அவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அதற்கும் பிள்ளைகள் கத்தினார்கள், விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே. அதற்கடுத்த பிரிவு வந்தபோது பெள்ளிராஜ் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பின்பக்கம் திருப்பி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி, அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.